எஸ்டேட் ஊர்கள் ஏன் காலியாகின்றன, போனவர்கள் திரும்பி வருவார்களா?

வால்பாறைக்குச் சுற்றுலா போய்விட்டு வந்த ஒருவர் கேட்டிருந்தார். வழி நெடுகப் பூட்டிக்கிடக்கும் லைன் வீடுகள் (தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்), கதவு பெயர்ந்த கடைகள், பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்தேன், இவ்வளவு அழகான ஊரை விட்டு ஏன் போகிறார்கள், கூலியைக் கூட்டிக் கொடுத்து பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் ஒழுங்காக இருந்தால் திரும்பி வருவார்களா என்று.

வரமாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் எல்லாம் கூலி, வசதி என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகின்றன, அந்த இரண்டும் உண்மைதான் என்றாலும் எஸ்டேட் ஊர் காலியாவதற்கு வேறு ஒரு காரணம் அடியில் இருக்கிறது. நான் அங்கே ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். நாங்கள் 2004 இல் மலையிறங்கினோம். கடந்த பத்து வருஷமாகப் பொள்ளாச்சியில் உட்கார்ந்து, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். ஒரு வகையில் மலையிலிருந்து இறங்குகிற ஆட்களை எண்ணுவதுதான் என் வேலை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 2001 இல் 95,000-ஐ ஒட்டி இருந்தது. 2011 இல் 70,859. பத்தே வருஷத்தில் நாலில் ஒருவர் இல்லை. வெள்ளமோ நிலநடுக்கமோ வரவில்லை, சண்டை நடக்கவில்லை, ஒரு செய்தித்தாளிலும் தலைப்புச் செய்தியாக வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வால்பாறை நிர்வாகத்தில் நகராட்சி, இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் தேயிலையும் காடுமாகக் கிடக்கிற நகராட்சி. ஆக, கணக்கெடுப்பில் இங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் நகர்ப்புற மக்கள். யானை வந்து ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்கிற இடம் நகர்ப்புறம்! கிராமங்கள் காலியாவதைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் எங்கள் ஊர் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரி. 7,62,141 ஆக இருந்தது 7,35,394 ஆனது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இடுக்கியும் குறைந்தது. அதுவும் தேயிலை, ஏல மாவட்டம். வடக்கே உத்தரகண்டில் அல்மோராவும் பௌரி கர்வாலும் குறைந்தன. அங்கே ஆளே இல்லாத ஊர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று 2011 கணக்கெடுப்பு சொன்னது, பிறகு 2017 இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு புலம்பெயர்வு ஆணையம் அமைத்தது. கொங்கணத்தில் ரத்னகிரி, சிந்துதுர்க். இந்தப் பட்டியலில் மலையும் மேட்டு நிலமும்தான் அதிகம், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி காலியாகவில்லை. என் பதிலின் மையமே அதுதான்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் காலியாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்மாய் தூர்ந்து, வயலில் சீமைக்கருவேலம் ஏறி, பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் அப்பத்தாவும் தாத்தாவும் இருக்கிறார்கள். திண்ணையில் ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அந்த ஊர் மெதுவாக, ஒவ்வொரு மரணமாகக் காலியாகும். ஜப்பானில் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஊரில் பாதிக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள் ஆகிவிட்டால் அது 'கென்காய் ஷூராகு', அதாவது விளிம்புக்கு வந்துவிட்ட ஊர்.

எஸ்டேட் லைன் அந்த விளிம்புக்கு வரவே வராது. ஏனென்றால் அங்கே கிழவர்கள் இருக்க முடியாது.

வீடு கம்பெனியுடையது. வேலைக்குப் பேர் இருந்தால் வீடு, பேர் இல்லை என்றால் வீடு இல்லை. அப்பாவுக்கு 58 வயதானதும் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "யார் பேரு குடுக்குற?" என்பதுதான். அதாவது உன் இடத்துக்கு உன் வீட்டிலிருந்து யார் வேலைக்கு வருகிறார்கள் என்று. மகனோ மருமகளோ பேர் கொடுத்தால் அதே வீட்டில் இருக்கலாம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா அப்படித்தான் அந்த 4 ஆம் நம்பர் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் என் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்திருந்தான், நான் பிளஸ் டூ. அம்மாவுக்கு இன்னும் சில வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது, ஆனால் முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் அவரும் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டிய நிலை. பேர் கொடுக்க ஆளில்லை. அப்பா அன்று வீட்டுக்கு வந்து, எங்களைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, வாசலில் நின்ற பேரிக்காய் மரத்தைக் காட்டி, "இத எங்கப்பா வச்சது, இதையும் கணக்குல சேத்துக்குவாங்களா" என்று மட்டும் கேட்டார்.

ஆக, சமவெளிக் கிராமத்தில் பிள்ளை படித்து வெளியே போனால் பிள்ளை மட்டும் போகிறது. எஸ்டேட்டில் பிள்ளை படித்தால் குடும்பமே போகிறது. ஓய்வு வயது வருகிற அன்றைக்கு மொத்த வீடும் ஒரு மினி லாரியில் ஏறிக்கொள்கிறது. பாட்டியைப் பார்க்க லீவுக்குப் போவது, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது, அப்பா காலத்துக்குப் பிறகு நிலத்தை யார் பார்ப்பது என்ற சண்டை, இதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. திரும்பி வர அங்கே நமக்கென்று ஒரு வாசற்படி வேண்டும் அல்லவா?

இதை யாரும் சதி செய்து உண்டாக்கவில்லை, தோட்டம் என்ற அமைப்பு பிறந்த விதமே அப்படி. ஆனைமலைக் காட்டை வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியது 1890களின் கடைசியில், கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரருக்கு வால்பாறையில் சிலைகூட இருக்கிறது. ஆட்கள் கீழேயிருந்து கங்காணிகள் (ஆள் திரட்டிக் கூட்டிவரும் மேஸ்திரிகள்) மூலம் வந்தார்கள், மலேரியாவில் செத்தவர்கள் போக மிச்சம் பேர் நின்றார்கள். காடு வெளியாள் தங்கும் இடமாக இல்லை, அதனால் ஆளை நிறுத்தி வைக்க வீடு கட்டிக் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1951 இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், பள்ளி எல்லாவற்றையும் முதலாளியின் கடமை ஆக்கியது. நல்ல சட்டம்தான், என் அம்மாவின் பிரசவங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன. ஆனால் அந்தச் சட்டமும் தொழிலாளிக்கு வீடு கொடு என்று சொன்னதே தவிர, ஊர்க்காரனுக்கு மனை கொடு என்று சொல்லவில்லை. மூன்று தலைமுறை இருந்தும் எங்கள் பெயரில் ஒரு சென்ட் கிடையாது.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே இன்னொரு நுணுக்கமும் இருந்தது, என் வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. கடமைகள் எல்லாம் தலைக்கணக்கில் எழுதப்பட்டவை. 6 முதல் 12 வயதுக்குள் 25 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி செய்ய வேண்டும், பெண் தொழிலாளர்கள் 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்கிற மாதிரி. ஆள் இருக்கும்வரை கடமை இருக்கும், ஆள் குறைந்தால் கடமையும் தானாகக் குறையும். இருபத்தாறு பிள்ளைகளில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டால் கணக்கு வேறு. யாரும் சட்டத்தை மீறாமலே ஒரு ஊரின் வசதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிடும். காப்பகத்தை மூடினால் கைக்குழந்தைக்காரி வேலைக்கு வரமாட்டாள், அவள் வராவிட்டால் அந்த வீடு போகும், வீடு போனால் கடைக்காரருக்கு மாதக் கணக்கு போகும். மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு நாள் சம்பள நாளில் கடையில் உட்கார்ந்து பழைய கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நோட்டில் இருந்த பேர்களில் பாதிப்பேர் மலையிறங்கிவிட்டார்கள், மீதிப் பேரை நம்பிச் சரக்கு எடுத்தால் பருப்பில் வண்டு விழுகிறது என்றார். அடுத்த வருஷம் அவரும் இல்லை.

சரி, ஏன் 2000-ஐ ஒட்டி இது வேகம் பிடித்தது? தேயிலை விலை. தென்னிந்தியத் தேயிலைக்குச் சோவியத் யூனியன் பெரிய சந்தை, 1991 இல் அது உடைந்தது. அடி உடனே தெரியவில்லை, 90களின் கடைசியில் ஏல விலை சரிந்தபோது தெரிந்தது. கேரளத்தில் பீருமேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், சம்பளம் இல்லாமல் அந்த லைன்களில் ஆட்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் புது ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், பல பேரைத் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள், கைக்குக் கத்தரி வந்தது, அப்புறம் இயந்திரம் வந்தது, நாலு பேர் எடுக்கிற கொழுந்தை இரண்டு பேர் எடுக்கலாம் என்றானது. அதே நேரத்தில் கீழே திருப்பூர் கொழித்துக்கொண்டிருந்தது. 2005 ஜனவரி 1 இல் ஜவுளி ஏற்றுமதிக்கான கோட்டா முறை முடிந்த பிறகு பனியன் கம்பெனிகளுக்கு ஆள் போதவில்லை, குடும்பத்தோடு வந்தால் தங்க இடம் பார்த்துத் தருகிறோம் என்று ஏஜென்டுகள் வால்பாறை பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார்கள். நினைத்துப் பாருங்கள், மழையில் அட்டைக்கடியோடு நாள் முழுக்க நின்று ஒரு ஆள் சம்பாதிப்பதை, கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பதினெட்டு வயதுப் பெண் ஒரு ஷிப்டில் எடுத்துவிடுகிறாள். அதற்கெல்லாம் முன்பே, நாங்கள் லைனில் இருந்தபோதே, கீழே போன என் அண்ணன் ஆறாவது மாதம் அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்கி அனுப்பினான். லைனில் அதைப் பார்க்க வந்தவர்களில் மூன்று வீடு அந்த வருஷமே கிளம்பியது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், போனதில் எனக்கு வருத்தமில்லை. எஸ்டேட் வாழ்க்கையைப் பச்சைப் பசேலென்று படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அந்த வீட்டின் அளவு தெரியாது. முன்னறை ஒன்று, சமையல்கட்டு ஒன்று, அதில் ஆறு பேர், கக்கூஸ் லைனுக்குக் கடைசியில். துரை ஜீப் வந்தால் அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பார். என் தங்கை இன்று கோவையில் நர்சு, அவளிடம் போய் மலை காலியாகிறதே என்று சொன்னால் சிரிப்பாள்.

நீலகிரியில் படகர் ஹட்டிகளை, அதாவது அவர்களுடைய ஊர்களைப் பார்த்தால் நான் சொல்லும் வித்தியாசம் இன்னும் விளங்கும். அதே தேயிலை, அதே விலைச் சரிவு, அதே கோயம்புத்தூர் இழுப்பு. 1961 இல் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டதும், பிறகு மலைக்காய்கறியைவிடத் தேயிலை தொந்தரவில்லாத பணம் என்று தோன்றியதும் சேர்ந்து, சிறுவிவசாயிகள் வீட்டு வாசல் வரை தேயிலை நட்டார்கள். விலை விழுந்ததும் பிள்ளைகள் கீழே போனார்கள். ஆனால் வீடும் காடும் அவர்களுடையது. அதனால் ஹட்டி காலியாவது பூட்டுப் போட்டுக் காலியாவது. ஜனவரியில் ஹெத்தையம்மன் ஹப்பா (திருவிழா) வந்தால் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் கார்கள் ஏறிவரும், வெள்ளை உடுத்தி வரிசையாக நடப்பார்கள், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். ஒரு வாரம்தான், அப்புறம் பூட்டுதான். இருந்தாலும் அந்தச் சாவி அவர்கள் பையில் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து அப்பன் வீட்டை இடித்துக் கட்டியவர்களை எனக்கே தெரியும். கூலியும் வசதியும் சரியானால் திரும்புவார்களா என்ற உங்கள் கேள்வியை அவர்களிடம் கேட்கலாம், பதில் 'பார்க்கலாம்' என்று வரும். எங்களிடம் கேட்டால், எங்கே திரும்புவது என்று திருப்பிக் கேட்போம்.

இன்னும் மோசமான நிலை தாயகம் திரும்பியவர்களுடையது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆனது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பெயரே கேள்விப்படாத இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968 இல் காட்டை வெட்டி அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், அதுதான் இன்றைய டான்டீ. நீலகிரியின் மக்கள்தொகை 1971 இல் 4,94,015 ஆக இருந்து 1981 இல் 6,30,169 ஆகக் குதித்ததில் இவர்கள் பங்கு பெரியது. ஐம்பது வருஷம் கழித்து, 2022 இல், பராமரிக்க முடியவில்லை, ஆளும் இல்லை என்று டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. காட்டுக்கு நல்லதுதான், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கண்டியிலோ பதுளையிலோ பிறந்து, பத்து வயதில் கப்பலேறி, கூடலூரில் கொழுந்து எடுத்து, ஓய்வு பெற்று, இப்போது லைன் வீட்டையும் விடச் சொன்னால் அந்த அம்மா எந்த ஊர் என்று சொல்லுவார்? என்னிடம் காகிதம் பார்க்க வந்த ஒருவர் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் எழுதாமல் இருந்தார். கடைசியில் மகள் வாடகைக்கு இருக்கும் அன்னூர் வீட்டு முகவரியை எழுதினார்.

மாஞ்சோலையைப் பற்றி நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். 1929 இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை 2028 இல் முடிகிறது, அதற்கு முன்பே 2024 இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நாலு தலைமுறை இருந்த குடியிருப்புகள். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 இல் திருநெல்வேலியில் ஊர்வலம் போய் தாமிரபரணியில் 17 பேர் செத்தது இந்தத் தோட்டத்து மக்கள் போராட்டத்தில்தான். தோட்டத்தை டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம். வால்பாறையில் முப்பது வருஷமாக வீடு வீடாக நடந்துகொண்டிருப்பது அங்கே ஒரே கையெழுத்தில் நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். விருப்ப ஓய்வு என்ற சொல்லில் விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஆள் போன இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் லைனைச் சொல்கிறேன். நாங்கள் இறங்கியபோது நாயைக் கூட்டிப்போக முடியவில்லை, 40 கொண்டை ஊசி வளைவுக்கு மனிதர்களே வாந்தி எடுத்துக்கொண்டு போகிற வண்டியில் அதை எங்கே ஏற்றுவது. மணி வண்டிக்குப் பின்னால் அடுத்த டிவிஷன் வரை ஓடி வந்தது. எல்லா வீட்டிலும் இதே கதைதான், ஆக, போன வீடுகளின் நாய்கள் எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாய்கள் காலி லைனைச் சுற்றிக் கிடந்தன. வெட்ட ஆளில்லாமல் வீட்டுக்குப் பின்னால் உண்ணிச்செடி ஏறியது. சிறுத்தைக்கு இதைவிட வசதி வேண்டுமா, ஒளிய இடமும் தின்ன நாயும் ஒரே இடத்தில். நாய் தீர்ந்த பிறகு அது லைனை விட்டுப் போகவில்லை. இருட்டினால் வெளியே வர முடியாது என்றான பிறகு, கடைசி வீட்டுக் கக்கூஸுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்றான பிறகு, மிச்சமிருந்த குடும்பங்களும் யோசித்தார்கள். யானை விஷயத்தில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் அமைப்புக்காரர்கள் உருப்படியாக ஒரு வேலை செய்தார்கள், யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குக் குறுஞ்செய்தி வரும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும், அதனால் பல உயிர் தப்பியது. சிறுத்தைக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடந்த சில வருஷங்களில் வால்பாறையில் சிறுத்தை தூக்கிய குழந்தைகளின் செய்திகளைப் படித்தால் ஒன்று கவனிக்கலாம், பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்தவர்கள். ஏனென்றால் இப்போது அந்த லைன்களில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஊர் காலி என்று நீங்கள் பார்த்தது பாதி உண்மை. தோட்டம் நின்றுவிடவில்லை, கொழுந்து தினமும் எடுக்கத்தான் வேண்டும், அதற்கு ராஞ்சிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கொள்ளுத்தாத்தாவை திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி எப்படி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தாரோ கிட்டத்தட்ட அதே மாதிரிதான், கங்காணி என்ற பேர் மட்டும் கான்ட்ராக்டர் ஆகிவிட்டது. காட்டை ஒட்டி எப்படி நடக்க வேண்டும், எந்த நேரத்தில் குளத்துப் பக்கம் போகக் கூடாது, யானை மணம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க லைனில் பெரியவர்கள் இருந்தார்கள். இப்போது வந்தவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை, அந்தப் பெரியவர்கள் எல்லாம் ஓய்வு பெற்று அன்னூரிலும் சூலூரிலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கூலியைக் கூட்டட்டும், கட்டாயம் கூட்ட வேண்டும், அது இருப்பவர்களுக்கு. ஊர் நிற்க வேண்டுமென்றால் ஓய்வு பெற்றவர் இருக்க ஒரு மனை வேண்டும். இரண்டு சென்ட் போதும். காட்டை வெட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே லைன் நிற்கிற இடம், கடைத்தெரு, மூடிக்கிடக்கும் ஆபீஸ் கட்டிடங்கள் இருக்கின்றன. ஆனால் தோட்ட நிலம் பல இடங்களில் குத்தகை நிலம், சுற்றிலும் காப்பகம், பட்டா என்ற சொல்லை எடுத்தாலே மூன்று துறைகள் எழுந்து நிற்கும். அந்தப் பட்டா வரும் என்று நான் நம்பவில்லை. நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, கிராஜுவிட்டியை நேரத்துக்குக் கொடுப்பது. சட்டப்படி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம், தாமதித்தால் வட்டியோடு. வீட்டைக் காலி செய், பணம் தருகிறோம் என்று நிர்வாகம் சொல்லும், பணம் கொடு, வீட்டைக் காலி செய்கிறோம் என்று தொழிலாளி சொல்வார், இந்த இழுபறியில் இரண்டு மூன்று வருஷம் கரண்ட் வெட்டப்பட்ட லைன் வீட்டில் கிழவனும் கிழவியுமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். என் அப்பாவுக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் பொள்ளாச்சியில் நாங்கள் பார்த்து வைத்திருந்த மனையின் விலை கையை மீறிப் போய்விட்டது.

கடைசியாக, ஊர் என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்றால், மாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரையில் திருவிழாச் சாட்டு. திருப்பூரிலிருந்து ஒரு பஸ், பொள்ளாச்சியிலிருந்து இரண்டு வேன். தலைக்கட்டு வரியை இப்போது ஜிபேயில் கட்டுகிறோம், நோட்டில் பேர் பழைய வீட்டு நம்பரோடுதான் எழுதப்படுகிறது, '4 ஆம் நம்பர்' என்று கூப்பிட்டால் இன்றும் என் அண்ணன்தான் கை தூக்குவான். இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கிவிடுவோம், தங்குவது கோயில் மண்டபத்தில்.

போன சித்திரையில் அந்த 4 ஆம் நம்பர் வாசலில் போய் நின்றேன். பேரி மரம் இருக்கிறது. வீட்டில் ஒரு ஜார்க்கண்ட் குடும்பம், அம்மா வேலைக்குப் போயிருந்தார், ஏழெட்டு வயதுப் பெண் ஒன்று எங்கள் வால்பாறைத் தமிழில், "யார வேணும் மாமா?" என்று கேட்டது. நான் படித்த பள்ளியில்தான் அதுவும் படிக்கிறது. நான் ஐந்தாவது படித்தபோது என் வகுப்பில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். இப்போது மொத்தப் பள்ளியிலும் ஒன்பது பிள்ளைகள், அதில் ஏழு பேர் இந்தப் பெண்ணைப் போல வெளி மாநிலத்துப் பிள்ளைகள், அவர்கள் இல்லாவிட்டால் போன வருஷமே பள்ளியை மூடியிருப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். லீவுக்கு ஊருக்குப் போகிற குடும்பங்களில் எத்தனை திரும்பும் என்று கேட்டேன். ஜூனில் பள்ளி திறக்கிற அன்றைக்குக் காலையில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.